ஆடுகிற முனை

கிடார் வாங்குகிறவன் அதைத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்று, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். ஆம்ப்ளிஃபையர் வாங்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவான். கேபிளை மட்டும் கடைக்காரர் பையை நீட்டும்போது, "இதையும் ஒண்ணு போட்டுடுங்க" என்று வாங்குவான். பிறகு மேடையில் பாட்டின் நடுவே சத்தம் செத்துப்போனதும் கிடாரைத் தட்டுவான், ஆம்பை உதைப்பான், சவுண்டுக்காரரை முறைப்பான். காலடியில் கிடக்கிற கேபிளைத் திரும்பியும் பார்க்க மாட்டான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கூட்டம் என்று ஒயர்க்காரர் திட்டுவார். திட்டிக்கொண்டே வந்தவனுக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

ஒயர்க்காரர் என்ற பெயரை வைத்ததும் அந்தக் கூட்டம்தான். தையல்கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் இரண்டு அறை. முன்னறை பட்டறை, பின்னறை வீடு. நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். ஜன்னலோரம் நீள மேசை, சுவரில் அடித்த குழாயில் கேபிள் சுருள்கள், மூலையில் ஒரு பழைய ஆம்ப். கீழே தையல் மெஷின் வேகமாக ஓடினால் மேசைமேல் கிடக்கும் சின்னச் சாமான்கள் எல்லாம் நடுங்கும்.

ஒயர் வாங்குவதில், பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவனைவிட அவர் கெடுபிடி. முதலில் ஒரு கை நீளம் வெட்டித் தரச் சொல்வார். விரலில் சுற்றிவிட்டுப் பார்ப்பார். சுற்றியபடியே சுருண்டு கிடந்தால் வேண்டாம், மேடையில் காலை இடறும். மேல்தோலை உரித்து உள்ளே இருக்கும் செம்புப் பின்னலை வெளிச்சத்தில் காட்டுவார். பின்னலில் இடைவெளி தெரிந்தால் ஊரில் உள்ள இரைச்சல் எல்லாம் அதன் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக இரண்டு முனையிலும் ஜாக்கை மாட்டி, ஆம்பைச் சத்தமாக வைத்து, ஒயரை மேசையில் தட்டுவார். மட்டமான ஒயர் அதற்கே ஸ்பீக்கர் வழியாக 'டொம்' என்று அலறும்.

"தட்டினாலும் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் நல்ல ஒயர்" என்பார்.

"பொண்டாட்டியையும் அப்படித் தேடியிருந்தா இன்னிக்கு வரைக்கும் தனியாத்தான் இருந்திருப்பீங்க" என்று பக்கத்து ஸ்டூலிலிருந்து பதில் வரும்.

அவர் மனைவிதான் அது. நரைத்த தலையோடு படியேறி வருகிற வயலின்காரர் உட்பட எல்லா இசைக்காரர்களுக்கும் அவள் அக்கா. ரேடியோ கம்பெனியில் ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வரிசையில் வேலை பார்த்தவள். அவர் அங்கே ஸ்டோரில் ஒயர் அளந்து கொடுத்தவர். கம்பெனியை இழுத்து மூடியபோது அவரிடம் ஒயரைப் பற்றிய அறிவு மிஞ்சியது, அவளிடம் கை மிஞ்சியது. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தப் பிழைப்பு, ஒரே மகளின் படிப்பு, கல்யாணம் எல்லாம்.

கேபிளுக்கு இரண்டு முனை. ஆம்பில் சொருகுகிற முனை வைத்த இடத்தில் கிடக்கும். வாத்தியத்தில் சொருகுகிற முனையின் பாடுதான் பெரும்பாடு. வாசிக்கிறவன் குதித்தால் குதிக்க வேண்டும், குனிந்தால் குனிய வேண்டும், உணர்ச்சிவசப்பட்டு அவன் அதை மிதித்தாலும் தாங்க வேண்டும். அதனால் ஆடுகிற முனை எப்போதும் அக்காவுக்கு, அசையாத முனை அவருக்கு. "உங்களுக்குப் பொருத்தமான முனை. நீங்களும் வெச்ச இடத்துலதானே இருப்பீங்க" என்று அவள் கேலி செய்வாள். அவள் வைத்த ஈயம் மழைத்துளி மாதிரி சின்னதாக, பளபளப்பாக நிற்கும். அவர் வைத்தது மெழுகு வழிந்த மாதிரி உருண்டையாக இருக்கும். பழுதில்லை, அழகில்லை, அவ்வளவுதான்.

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஈயம் வைத்தவர் அதைச் சோதிக்கக் கூடாது. தன் பிள்ளையின் திருட்டு தனக்குத் தெரியாது என்பாள் அக்கா. அவள் முனையை அவர் ஆம்பில் போட்டு ஆட்டிப் பார்ப்பார், அவர் முனையை அவள் பார்ப்பாள். கரகரவென்றால் தயவுதாட்சண்யம் கிடையாது, திரும்ப வைக்க வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் திரும்ப வைத்ததெல்லாம் பெரும்பாலும் அவர்தான்.

பிறகு அவள் வயிற்றில் கட்டி வந்தது.

சொட்டுச் சொட்டாக ஏற்றிய மருந்து கட்டியைத் தொட்டதோ இல்லையோ, அவள் விரல்களைத் தின்றுவிட்டது. நுனியெல்லாம் பஞ்சு சுற்றின மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு நாள் இருவரும் மேசையில் இருந்தபோது ஏதோ கருகுகிற வாடை அடித்தது. ஒயரின் தோல் என்று நினைத்து அவர் திரும்பிப் பார்த்தால், ஈயம் உருக்குகிற சால்டரிங் ராடு அவள் இடது ஆள்காட்டி விரலில் சாய்ந்து கிடந்தது. அவர் பதறிப் பிடுங்கினார். அவள் அந்த விரலை யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுடவே இல்லைங்க" என்றாள்.

"போதும். நீ ரெஸ்ட் எடு. நான் பாத்துக்கறேன்."

"கை போனா என்ன, கண்ணு இருக்கு, பழக்கம் இருக்கு. சரியா வர்ற வரைக்கும் என்னை இந்த ஸ்டூல்லருந்து இறக்கக் கூடாது. சரியில்லன்னா அன்னிக்கே சொல்லிடணும். நானே இறங்கிடுவேன். மறைச்சீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் என் வாயைத் தாங்க மாட்டீங்க."

அவர் தலையை ஆட்டினார். அவளிடம் அவர் கொடுத்த வாக்கு அந்தத் தலையாட்டல்தான்.

அது காப்பாற்றப்பட்டது கொஞ்ச காலம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு நாள்; மருந்து எதிர்பார்த்த அளவுக்குக் கேட்கவில்லை என்று டாக்டர் அவளையும் வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். படியேறி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்து ராடைச் சூடாக்கினாள். ஒரு கேபிளை முடித்து அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அவர் அதை ஆம்பில் சொருகி அவள் முனையை லேசாக அசைத்தார். கரகரவென்றது. ஈயம் ஆறும்போது ஒயர் அசைந்திருக்கிறது. மரத்த விரலுக்கு அது தெரியவில்லை.

அவர் கை தானாகப் போய் ஆம்பின் ஒலியைக் குறைத்தது.

"எப்படி?" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

"நல்லா இருக்கு" என்றார்.

தொழிலில் அவர் சொன்ன முதல் பொய். அன்று காலை டாக்டர் சொன்னதைக் கேட்ட அதே காதில் இதையும் போட அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். இப்படி நினைத்துத்தான் உலகத்தில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மதியம் மாத்திரை போட்டால் அவள் படுத்துவிடுவாள். திரைக்கு இந்தப் பக்கம் அவர் பூனை மாதிரி உட்கார்ந்து, காலையில் அவள் முடித்த முனைகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, திரும்ப வைத்து மூடுவார். ஆரம்பத்தில் அவசரத்தில் தன் உருண்டையைத்தான் வைத்தார். பிறகு பயம் வந்தது. யாராவது அவள் முன்னால் பிரித்தால் என்ன ஆகும்? அவள் ஒயரை எந்தப் பக்கம் வளைத்துக் கோர்ப்பாள், ராடை எப்போது எடுப்பாள் என்பதை எல்லாம் நினைவுபடுத்திப் பழகினார். அவள் பக்கத்திலேயே இருந்த காலமெல்லாம் வராத கை, அவளை ஏமாற்றுவதற்காக வந்தது. வந்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லை.

மகள் தொலைவிலிருந்து போன் செய்து கேட்பாள். "அம்மாவா? ஜோரா வேலை பாக்கறா" என்பார்.

பேஸ் கிடார் வாசிக்கிற நெட்டையன் ஒரு நாள் வந்தான். படி வளைவில் தலையை இடித்துக்கொண்டே வருகிறவன். "அக்கா, போன வாரம் வாங்கிட்டுப் போனேனே, சும்மா பாறை மாதிரி நிக்குது. உடம்பு சரியில்லாத நேரத்துலயும் உங்க கை உங்க கைதான்" என்றான். அவள் சிரித்தாள். வெகுநாளைக்கு அப்புறம் சத்தம் போட்டுச் சிரித்தாள். அவருக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, உட்கார முடியாமலும் இருந்தது. கேபிள் சுருளை எடுக்கிற சாக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் கீபோர்டுக்காரம்மா வந்தாள். வந்த வேகத்திலேயே இரும்புப் படி அதிர்ந்தது.

"நிகழ்ச்சி நடுவுல சத்தம் சுத்தமா நின்னுபோச்சு அக்கா! பாடறவர் என்னைத் திரும்பிப் பாத்தாரே ஒரு பார்வை, நான் அப்படியே கீபோர்டுக்குள்ள பூந்துடலாமான்னு இருந்துச்சு. உங்க ஒயரை நம்பித்தானே வேற எடுத்துக்காம போனேன்?"

அவர் கை நீட்டுவதற்குள் அக்கா வாங்கிவிட்டாள். ஆடுகிற முனையைத் திருகினாள். மூடி கழன்றதும் அவர் எட்டி உள்ளே பார்த்தார். ஈயத்துக்கும் வெளி மூடிக்கும் நடுவே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழல் இருக்க வேண்டும். இரண்டும் ஒட்டாமல் காப்பது அதுதான். குழலைக் காணோம். திரும்ப ஈயம் வைத்த அவசரத்தில், வெளியே எடுத்த குழலை மறுபடி மாட்டாமல் மூடியிருக்கிறார். கேபிள் செய்கிற கை மட்டுமே செய்யக்கூடிய, செய்தவுடன் தலையில் அடித்துக்கொள்கிற தப்பு அது. போதாததற்கு உள்ளே இருந்தது அவருடைய பழைய உருண்டை.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடியைத் திரும்பத் திருகினாள்.

"குழல் மாட்ட மறந்திருக்கேம்மா. என் கவனக்குறைவுதான். மன்னிச்சுக்க. புதுசு ஒண்ணு எடுத்துட்டுப் போ."

அக்காவே மன்னிப்புக் கேட்டதும் கீபோர்டுக்காரம்மாவுக்குக் கோபம் வடிந்து வெட்கமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மெதுவாக இறங்கிப் போனாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாயைத் திறந்தால் ஒரு தப்போடு நிற்காது. எல்லா மதியமும் வெளியே வரும். திறக்காவிட்டால், வாழ்நாளெல்லாம் குறை சொல்ல ஆளில்லாத அவள் கைக்குத் தன்னால் வந்து சேர்ந்த குறை அப்படியே நிற்கும்.

"அது வந்து..." என்றார்.

"விடுங்க. யாருக்கும் எப்பவோ ஒரு தடவை வர்றதுதான்" என்றாள் அவள்.

அவர் விட்டுவிட்டார். அதற்காகத் தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளாத குறை.

அதற்கு அப்புறம் அவள் இன்னும் மெலிந்தாள். ஆனாலும் காலையில் கொஞ்ச நேரமாவது ஸ்டூலில் ஏறி உட்காராமல் இருக்க மாட்டாள். ஒரு மதியம் அவர் வழக்கம்போல அவள் முடித்து வைத்த முனை ஒன்றை எடுத்தார். மூடி ஒரே சுற்றில் கழன்றது. கையில் பலம் இல்லை பாவம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே பார்த்தார். ஈயமே இல்லை. ஒயர் அளவாக உரிக்கப்பட்டு, பின்னல் முறுக்கப்பட்டு, அவள் எப்போதும் வளைக்கிற பக்கமே வளைத்து, ஜாக்கின் துளையில் கோர்த்து நின்றது. குழலை ஒயர்மேல் பின்னுக்குத் தள்ளி, மறந்துபோகாதபடி ஒரு சின்ன ஒட்டுத்தாளால் பிடித்திருந்தாள். அடுத்ததை எடுத்தார். அதிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும். ஈயம் மட்டும் அவருக்காக விட்டுவைக்கப்பட்டிருந்தது.

அவர் ராடை அணைத்தார். திரையை விலக்கினார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை.

"பாத்தாச்சா?" என்றாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எப்பலருந்து தெரியும்?"

"நெட்டையன் வந்தன்னிக்கே சந்தேகம். மரத்துப்போன கை வெச்ச ஈயத்தை ஒருத்தன் புகழறான்னா, ஒண்ணு அவனுக்குக் காது போயிருக்கணும், இல்ல என் வீட்டுக்காரருக்குப் புத்தி போயிருக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கீபோர்டுக்காரம்மா ஒயரைப் பிரிச்சதும் தெளிவாயிடுச்சு. அந்த உருண்டையை எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் பழியை நீ எடுத்துக்கிட்ட?"

"பின்ன? வெளியாளு முன்னாடி உங்களைக் காட்டிக் குடுக்கணுமா?"

அவர் அழுதார். மறைக்கவில்லை; அவளிடம் இனி மறைக்க அவரிடம் எதுவும் இல்லை.

"மதியம் பூரா திரைக்கு அந்தாண்ட உங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்" என்றாள். "மூடி கழட்டற சத்தம், புகையை ஊதற சத்தம். எழுந்து வந்து பிடிச்சுடலாம்னு தோணும். அப்புறம், பண்ணட்டும், இதுவும் இல்லாம சும்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்தா, மனுஷன் எனக்கு முன்னாடி போய்ச் சேந்துடுவார்னு தோணும். படுத்துக்குவேன்."

அவளைத் தாங்கிப் பிடித்திருப்பதாக அவர் நினைத்திருந்தார். தாங்கியவள் அவள். அது உறைத்தபோது அவருக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"ஆனா எனக்கு ஒரு வாக்குக் குடுத்தீங்க. அது இன்னும் பாக்கி நிக்குது. என்னை எழுப்பி உக்கார வைங்க. ஒண்ணே ஒண்ணு வெக்கறேன். நீங்க சோதிக்கணும். சத்தத்தைக் குறைக்காம."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கிறவள் இல்லை. ஸ்டூலில் உட்கார வைத்து, முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்து நின்றார். அவள் ஒயரைக் கோர்த்தாள். இடது கை விரல்கள் ஒயரைப் பிடித்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ராடை வைத்தாள், ஈயத்தைக் காட்டினாள், அது உருகி ஓடியது, எடுத்தாள். எடுத்த அந்த நொடியில் ஒயர் ஒரு மயிரிழை அசைந்ததை அவர் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. பளபளத்த துளி மங்கிச் சாம்பல் நிறமாக உறைந்தது. அவள் குழலை ஏற்றி, மூடியைத் திருகி, அவரிடம் நீட்டினாள்.

அவர் சொருகினார். ஒலியை முழுக்கத் திருப்பினார். ஆடுகிற முனையைப் பிடித்து அசைத்தார். கரகரவென்ற சத்தம் அறை முழுக்க நிறைந்து, திரையைத் தாண்டி, கீழே தையல்கடை வரைக்கும் போனது.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். காதில் விழுந்தது அவளுக்குப் போதாது. அவர் வாயால் கேட்க வேண்டும்.

"சொல்லுங்க."

"சரியில்லம்மா" என்றார்.

அவள் தலையை அசைத்தாள். ராடின் சுவிட்சை அவளே அணைத்தாள். "இதைச் சொல்லவா இவ்வளவு நாள்?" என்று சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நோய் வந்ததிலிருந்து அழாதவள் அன்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாவுக்காக இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கைக்காக அழுதாள். அவரும் அதற்குத்தான் அழுதார்.

அதற்குப் பிறகு அவள் ராடைத் தொடவில்லை. திரையைக் கழற்றி மடித்து வைத்தார்கள். அவர் இரண்டு முனையிலும் ஈயம் வைக்க, அவள் படுத்த இடத்திலிருந்தே காதால் சோதித்தாள். "மறுபடி" என்பாள். "இதுவா? இது நல்லாத்தானே இருக்கு?" என்று இவர் மல்லுக்கு நிற்பார். "மறுபடி" என்பாள். அந்தக் கொஞ்ச நாட்கள் இருவருக்கும் நன்றாகவே போயின. கடைசியில் ஒரு காலை அவர் முனையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, பதில் சொல்ல அவள் இல்லை.

காரியங்கள் முடிந்து, மகள் வந்து இருந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு, நெட்டையன் படியேறி வந்தான். தலையை இடித்துக்கொண்டதைக்கூடக் கவனிக்காமல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அண்ணே, அக்கா கையால வெச்சது ஏதாவது மிச்சம் இருந்தா எனக்கு ஒண்ணு குடுங்க. நான் வாசிக்கிற வரைக்கும் அதைத்தான் வெச்சுக்குவேன்."

"எதுவும் இல்லப்பா" என்றார் அவர்.

ஒன்று இருந்தது. அவள் கடைசியாக ஈயம் வைத்த அந்தக் கேபிள், மேசைக்கு மேலே ஆணியில் தொங்கியது. பழுதான எதையும் அந்த அறையில் ஒரு பொழுதுக்கு மேல் அவர் விட்டு வைத்ததில்லை. இது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்துவிடக் கூடிய பழுது. சரிசெய்தால் அது அவர் கையாகிவிடும்.

நெட்டையன் இறங்கிப் போனதும் அதை எடுத்து ஆம்பில் சொருகினார். ஒலியைக் கூட்டி, ஆடுகிற முனையைப் பிடித்து அசைத்தார். கரகரவென்றது. இன்னொரு தடவை அசைத்தார்.

கீழே தையல் மெஷின் நின்றது. "என்ன ஒயர்க்காரரே, ஏதாவது பழுதா?" என்று தையல்காரர் கத்திக் கேட்டார்.

"பழுதுதான். இருக்கட்டும்" என்றார்.